கோப்பை யாருக்கு

எங்கள் பக்கத்துப் பொடியளுக்குப் பந்தடிக்க வருமோ வராதோ, வாயடிக்க நல்லாய் வரும். இறுதியாட்டத்துக்கு நாள் குறித்தவுடன் தொடங்கிவிடுவார்கள். "கப் எங்கட", "அவங்கட கோல்கீப்பரை வீட்டிலயே நிக்கச் சொல்லுங்கோ", "வெடி வாங்கியாச்சு, கொளுத்துறதுதான் மிச்சம்". முன்பு சந்தியில் நின்று சொன்னதை இப்போது போனைப் பார்த்துச் சொல்லி ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள். வென்றால் சொன்னதைச் செய்த வீரன். தோற்றால் அடுத்த வருடம்வரை சந்திக்கு வரமாட்டான், அவ்வளவுதான். வாய்ப்பேச்சுத்தானே என்று நானும் சிரித்துக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது அப்படி ஒரு வீடியோ வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறேன்.

வன்னியில் கிண்ணம் என்றால் அதற்கு ஒரு ஆளின் பெயர் இருக்கும். பெயருக்கு முன்னால் 'அமரர்' இருக்கும், பின்னால் 'ஞாபகார்த்த' இருக்கும். சண்டையில் போனவர்களைப் புதைத்த இடம் பலருக்குத் தெரியாது. கிண்ணத்திலாவது பெயர் கிடக்கட்டும் என்று சனம் நினைக்கிறது, அதில் ஒரு பிழையும் இல்லை. நான் சொல்லப்போகிற சுற்றுப்போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வருடம் வெல்லுகிற கழகம் அடுத்த வருடத்துக் கிண்ணத்துக்குப் பெயர் வைக்கும், தங்கள் ஊரில் செத்த ஒருவரின் பெயர். கிண்ணத்தை வாங்கிய கையோடு மைக்கில் சொல்லவேண்டும். சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்று அகவணக்கம் செலுத்துவார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரில் இதுவரை ஒரு கிண்ணமும் நடந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் தூக்குவதை நாங்கள் கிண்ணம் என்போம், அவசரத்துக்குக் கப் என்போம். கோப்பை என்றால் எங்கள் வீடுகளில் சோறு போட்டுத் தின்னுகிற கோப்பைதான். பிறத்தியாருக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு இதுதான் வினையாக வந்தது.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையோர ஆட்கள். அந்தோனியார் கோயிலும் கடலும் எங்களுக்கு அடுத்தடுத்த வளவு. அப்பா காய்ச்சலில் போனவர், கோயிலுக்குப் பின்னால் சேமக்காலையில் கல்லறை இருக்கிறது. அண்ணாவுக்குக் கல்லறை இல்லை. சண்டை முடிந்து எல்லோரும் வெளியே வந்த நாளில் ஆமியின் பஸ் ஒன்று நின்றது. இளம் ஆட்கள் ஏறுங்கோ, விசாரித்துவிட்டு விடுவார்கள் என்றார்கள். அண்ணா தயங்கினார். அம்மாதான் "ஏறு ராசா, விடுவினம், பயப்பிடாதை" என்று முதுகில் தட்டி ஏற்றிவிட்டார். யன்னலால் தலையை நீட்டி "போட்டு வாறன்" என்றார் அண்ணா. எங்களுக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அம்மா வேறு ஆள். ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் அம்மாவைப் போலப் பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார், மடியில் படங்கள். வெயிலென்றில்லை மழையென்றில்லை, முறை வைத்துப் போய் இருந்துவிட்டு வருவார். செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்று எங்கள் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தோடு தொலைந்தாலும் வலை தொலைந்தாலும் அவரிடம்தான் போவோம். கார்த்திகையில் செத்தவர்களுக்கான பூசைக்கு ஒவ்வொரு வீட்டாரும் பெயர் கொடுப்பார்கள், அம்மா அப்பாவின் பெயரை மட்டும் கொடுப்பார். அண்ணாவுக்குப் பிறந்தநாளில் தனியாக ஒரு பூசை, அதுவும் சுகத்துக்காக. ஒருமுறை கோயில் மூப்பர் நல்ல எண்ணத்தில் அண்ணாவின் பெயரையும் செத்தவர்களோடு சேர்த்து வாசித்துவிட்டார். பூசை முடிய வாசலில் மறித்து அம்மா அவருக்குக் கொடுத்த ஏச்சை இங்கே எழுத முடியாது. அந்த மனுசன் இன்றைக்கும் அம்மாவைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார்.

பிறகு அந்தக் கோப்பை. நீலக் கரை போட்ட எனாமல் கோப்பை, அண்ணா சாப்பிடுவது. ஓடின ஓட்டத்தில் எத்தனையோ சாமான் விடுபட்டுப் போக, அது மட்டும் எப்படியோ பைக்குள் கிடந்து வந்து சேர்ந்தது. சோறு வெந்தால் முதல் அகப்பை அதற்குள்தான். குழம்பும் ஒரு துண்டு மீனும் வைத்து, இன்னொரு கோப்பையால் மூடிவிட்டுத்தான் எங்களுக்குப் போடுவார். மூடியதைப் பிறகு நாய்க்கோ காகத்துக்கோ போடமாட்டார். "வரேல்லை, சரி. பழுதாக்கக்கூடாது" என்று தானே சாப்பிடுவார்.

தம்பி அந்தப் பஸ் போன காலத்தில் நாலாம் வகுப்பு. இப்போது கடலுக்குப் போகிறான், பின்னேரத்தில் பந்து. எங்கள் ஊர்க் கழகத்தில் கோல் அடிக்கிற ஆள் அவன்தான். நல்ல கால், அதைவிட நல்ல வாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "அம்மா, பாக்க வாறியளோ?" என்று கேட்பான். "பாப்பம் தம்பி" என்பார் அம்மா. கொட்டகையில் முறை இருக்கும், இல்லாவிட்டால் யாரோ வந்து பெயர் விபரம் கேட்கிறார்களாம் என்று ஓடுவார். ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. பெரிய ஆளான பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான், மறந்துவிட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன வருடம் கழகம் அரையிறுதியில் துணுக்காய்ப் பக்கத்து அணியை வென்றது. இறுதியாட்டம் அக்கராயனில், அந்த ஊர் அணியோடு. அரையிறுதி முடிந்த மைதானத்திலேயே ஒரு போன்காரப் பொடியன் தம்பியைப் பிடித்துவிட்டான். "வணக்கம் உறவுகளே" என்று தொடங்குகிற வகை. எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், ஆனால் போனைத் தூக்கினால் இந்தியத் தொலைக்காட்சித் தமிழ் வந்துவிடும். இறுதியாட்டம் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறான். தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நானும் பிறகுதான் பார்த்தேன்.

"பைனலோ? அது முடிஞ்சுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. கப் எங்கட. கடைசிக் கோல் என்ர காலால. அடுத்த வருசம் நீங்கள் எல்லாரும் வந்து விளையாடப்போறது என்ர அண்ணான்ர கிண்ணத்துக்கு. எழுதி வையுங்கோ."

அடுத்த நாள் மத்தியானம் அதே பொடியன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வீரனின் தாயையும் இரண்டு வார்த்தை பேச வைக்கவேண்டுமாம். தம்பி கடலால் வந்து வலை காயப்போடப் போயிருந்தான். நான் மீன் வாடியில் தரம் பிரிக்கிற வேலை முடிந்து வந்து, கிணற்றடியில் செதிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா குசினிக்குள் அப்போதுதான் அண்ணாவின் கோப்பையில் சோறு போட்டு மூடிக்கொண்டிருந்திருக்கிறார். பொடியன் குசினி வாசலில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறான்:

"அம்மா, இந்த முறை கோப்பை யாருக்கு?"

"இது மூத்தவனுக்கு."

"அண்ணாவுக்கா அம்மா?"

"ஓம் தம்பி, மூத்தவனுக்குத்தான். அவனுக்கு வைக்காமல் நாங்கள் ஒருநாளும் சாப்பிடுறேல்லை."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வரும்போது அவன் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தான். அம்மாவின் முகத்தில் கனகாலத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. "நல்ல பொடியன் பிள்ளை. மூத்தவன்ர கோப்பையைப் பற்றி விசாரிச்சவன். ஒருத்தரும் உதெல்லாம் கேக்கிறேல்லை" என்றார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. வந்தவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்காமல் விட்டுவிட்டோமே என்று பேசிக்கொண்டோம்.

வீடியோ வந்தது. வாடியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி எனக்குக் காட்டினாள். முதலில் தம்பியின் வாய்ச்சவடால். அதற்குப் பிறகு எங்கள் குசினி வாசல், அம்மா. "கோப்பை யாருக்கு?" "மூத்தவனுக்குத்தான்." சாப்பாட்டுக் கதை வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டான், அறுவான். கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தான்: 'காணாமல் போன மகனின் ஞாபகார்த்தக் கிண்ணம், தாயின் கண்ணீர்ச் சம்மதம்'. கண்ணீராம்! அம்மாவின் கண்ணில் பட்டது குசினிப் புகை. பக்கத்தில் நின்ற பெண்டுகள் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "நல்லதடி. எத்தனை நாளைக்கெண்டு மனிசி ரோட்டில கிடக்கிறது? ஏற்றுக்கொண்டுட்டா" என்றாள். நான் கையிலிருந்த இறால் கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

தம்பி படகடியில் இருந்தான். அவனும் பார்த்துவிட்டான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதேயில்லை.

"அக்கா, அம்மா சொன்னதைக் கேட்டனியே? நான் பயந்துகொண்டிருந்தனான், அடிக்க வருவா எண்டு. அவா ஓம் எண்டுட்டா அக்கா."

"விசரா! அது சோத்துக்கோப்பையடா. அந்த மூதேவி கோப்பை எண்டு கேக்க, அவா முன்னால கிடந்த கோப்பையைச் சொன்னவா."

அவனுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் கறுத்துப்போனது. படகின் விளிம்பில் இருந்துகொண்டு மணலைப் பார்த்தான்.

"அப்பான்ர பேரை வையன்டா" என்றேன். "அவர் செத்தது மெய். கல்லறை இருக்கு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"அப்பாவுக்காக ஆர் ரோட்டில இருக்கினம்?" என்று சட்டென்று கேட்டான். "அக்கா, நீ உண்மையைச் சொல்லு. அண்ணா வருவார் எண்டு நீ நம்புறியோ?"

நான் குனிந்து, விரலில் ஒட்டியிருந்த இறால் கோதைச் சுரண்டினேன்.

"நம்பேல்லை, எனக்குத் தெரியும்" என்றான். "ஒருநாள் ஆராவது சொல்லத்தானே வேணும். சொன்னால் அழுவா. ஒரு வருசம் அழுவா. பிறகு வீட்டில இருப்பா. முதல் அகப்பையை எனக்குப் போடாட்டிலும் பரவாயில்லை, போடேக்கை என்ர முகத்தைப் பாப்பா. இல்லாத ஆளோட ஆரக்கா போட்டிக்கு நிக்கிறது? நானும் பிள்ளைதானே."

அடிக்கப் போன எனக்குக் கை எழவில்லை. அந்தக் கோபத்தைக் கழகத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் பொறுமையான மனுசன். சோற்றுக்கோப்பைக் கதையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "பிள்ளை, அம்மாவே சொல்லிப்போட்டா எண்டு நாங்கள் பதாகையும் அடிச்சிட்டம். வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் எல்லாருக்கும் வீடியோ போட்டுது. இனி எப்பிடி மாத்துறது? முதலில வெல்லுறமோ எண்டு பாப்பம்" என்றார். வெல்லுமுன் பதாகை அடிக்கிற துணிச்சல் எங்கள் ஆட்களுக்குத்தான் வரும்.

அம்மாவுக்குக் கொட்டகையில்தான் தெரிய வந்தது. ஒரு தாயின் மகள் போனில் காட்டியிருக்கிறாள். மற்றத் தாய்மார் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம், கொஞ்சம் தள்ளி அரக்கி இருந்தார்களாம். முறை முடிய முன்னமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். படத்தை அலுமாரியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"நான் சோத்தையெல்லோ சொன்னனான்" என்றார். "என்ர வாயாலயே அவனைச் சாகக் குடுத்துட்டன் எண்டு நினைக்கினம்."

தம்பி வந்தபோது அம்மா அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழமைபோல அண்ணாவின் கோப்பையை மூடிவிட்டுச் சோறு போட்டார். அவனும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேரும் வாயைப் பூட்டிக்கொண்டு திரிய எனக்குத்தான் நெஞ்சு வெடித்தது.

செவ்வாய்க்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். அம்மா வழமையான சின்ன மெழுகுதிரிக்குப் பதில் பெரியதாக ஒன்று வாங்கிக் கொளுத்தி, முழங்காலில் நெடுநேரம் நின்றார். வெளியே வரும்போது கேட்டேன்.

"என்னம்மா கேட்டனீங்கள்?"

"அவங்கள் தோற்கோணும் எண்டு."

"அம்மா, அது தம்பியெல்லோ!"

"தெரியும். பெத்தனான், எனக்குத் தெரியாதோ?" என்றார். "அவன்ர காலில கையில ஒண்டும் படக்கூடாது எண்டும் கேட்டனான். ஆனால் தோற்கோணும். தோத்தால் அவனுக்கு வெக்கம், அது நாளடைவில மறந்துபோம். வெண்டால் பெரியவனுக்கு ஆர் இருக்கினம்?" சிறிது தூரம் நடந்துவிட்டு, "அவனிட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை. விளையாடப் போறவன், மனம் நொந்துபோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வெளிக்கிடும்போது அம்மா நல்ல சேலை உடுத்துக்கொண்டு நின்றார். "நானும் வாறன்." கைப்பைக்குள் அண்ணாவின் படம். பஸ்ஸடியில் அம்மாவைக் கண்டதும் தம்பி என்னைப் பிடித்து இழுத்தான். "மெய்யாவோ அக்கா? அம்மா வாறாவோ?" பஸ்ஸின் முன் இருக்கையில் இருந்தவனை எழுப்பி அம்மாவை இருத்தினான். மைதானத்தில் இறங்கியதும் எங்கிருந்தோ ஒரு கதிரை கொண்டுவந்து நிழலில் போட்டான், தண்ணீர்ப் போத்தல் வைத்தான். குனிந்து, "நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ அம்மா" என்றான். பொறுத்துக்கொண்டார், ஏற்றுக்கொண்டார், என் ஆட்டத்தைப் பார்க்க வந்துவிட்டார் என்று அவன் நினைக்கிறான் என்பது அவன் கண்ணில் அப்படியே தெரிந்தது. எனக்கு ஐயோ என்றிருந்தது. சொல்லாதே என்று அம்மா என் கையில் அடித்ததுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

அம்மாவுக்கு ஆட்டம் ஒன்றும் தெரியாது. "எங்கட ஆக்கள் எந்தப் பக்கம் அடிக்கோணும்?" என்று கேட்டார். காட்டினேன். பாதியில் பக்கம் மாறும் என்றும் சொன்னேன். "அதேன் மாத்துறவை? மனிசர் குழம்பவோ?" என்று எரிந்து விழுந்தார். எந்தப் பக்கத்துக்குச் செபிப்பது என்று தெரியவேண்டுமே.

முதல் பாதியில் அக்கராயன்காரர் ஒரு கோல் போட்டார்கள். மைதானம் அதிர்ந்தது. அம்மா யாருக்கும் தெரியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை அடக்க மாட்டாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் பாதியில் தம்பி விளையாடிய விளையாட்டை நான் முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. பந்து எங்கே போனாலும் அவன் அங்கே நின்றான். இடைக்கிடை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் தட்டிக் கொடுத்த பந்தில் எங்கள் பொடியன் ஒருவன் கோல் போட்டுச் சமப்படுத்தினான். நான் துள்ளி எழுந்து கத்திவிட்டேன், என் கால் எனக்குச் சொல்லாமலே எழுந்துவிட்டது. அம்மாவின் செபமாலை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

ஆட்டம் முடிகிற நேரம் தம்பி பந்தோடு கோலுக்குக் கிட்டப் போனான். தடுக்க வந்தவன் காலோடு சேர்த்து அடித்தான். தம்பி தூக்கி எறியப்பட்டு விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். பக்கத்தில் கதிரை சரிந்த சத்தம் கேட்டது. "ஐயோ என்ர பிள்ளை! ஆரடா அவன்? என்ர பிள்ளையை அடிக்கிறான்!" என்று கத்திக்கொண்டு அம்மா கோட்டைத் தாண்டப் போனார். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மத்தியஸ்தர் பெனால்டி கொடுத்தார். தம்பி நொண்டி நொண்டி எழுந்து, வேறு ஒருவரையும் விடாமல் தானே பந்தை வைத்தான். அம்மாவின் பக்கம் ஒரு பார்வை. அடித்தான்.

பந்து வலைக்குள் போனதை அம்மாவும் கண்டார். "மாதாவே!" என்று கையைத் தட்டிவிட்டார், சின்னப்பிள்ளை மாதிரி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. பிள்ளை எழும்பிவிட்டான், நிற்கிறான், ஓடுகிறான், அதுதான் அந்த நேரம் அவருக்குத் தெரிந்தது. பிறகு சுற்றிவர எங்கள் ஊர்ச் சனம் வெடி கொளுத்தக் கண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, வெண்டுட்டினமோ?"

"ஓம் அம்மா."

தட்டிய கை இரண்டும் அப்படியே சேர்ந்தபடி இருந்தன. நான் நிமிர்த்திப் போட்ட கதிரையில் மெல்ல இருந்தார்.

கிண்ணம் கொடுத்தார்கள். அறிவிப்பாளர் செந்தமிழில் முழங்கினார். "சொன்னதைச் செய்துகாட்டிய வீரன்! அடுத்த ஆண்டுக் கிண்ணத்தின் பெயரை அவரே அறிவிப்பார்!" தம்பி மைக்கை வாங்கினான். அண்ணாவின் முழுப் பெயரையும் சொன்னான், "என்ர அண்ணா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. மீதியை அறிவிப்பாளர் செய்தார். பெயருக்கு முன்னால் 'அமரர்' வைத்து இரண்டுமுறை உரத்துச் சொன்னார். மைதானம் முழுக்கக் கை தட்டியது. என் அண்ணா செத்துப்போனார் என்றதற்கு அவ்வளவு சனமும் கை தட்டியது. இரண்டு பொடியள் பதாகையை விரித்துப் பிடித்தார்கள். அம்மாவின் கைப்பைக்குள் இருந்த அதே படம், சுற்றிவரப் பூமாலை போட்டு அச்சடித்திருந்தார்கள். அந்தப் படத்துக்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் மாலை போட்டதில்லை.

"அனைவரும் எழுந்து நின்று அகவணக்கம் செலுத்துவோம்."

எல்லோரும் எழும்பினார்கள். நானும் எழும்பிவிட்டேன். அம்மா எழும்பவில்லை. தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நிற்க, அவர் ஒருவர் மட்டும் கதிரையில் நேரே பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு மனுசி, ஏலாமல் இருக்கிறார் என்று நினைத்துத் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அம்மா கையை உதறிவிட்டார். நடு மைதானத்தில் கிண்ணத்தோடு நின்ற தம்பி அதைக் கண்டான். கிண்ணம் அவன் கையில் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அம்மா ஏன் வந்தார் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சனம் ஒவ்வொருவராகத் திரும்பி, இருக்கிற அம்மாவையும் நிற்கிற அவனையும் பார்க்கத் தொடங்கியது. அவன் வாய் கோணியது, அழப்போகிறான் என்று தெரிந்தது.

அம்மா எழும்பினார். கதிரைக் கையைப் பிடித்து, முழங்காலில் கையூன்றி, நேரமெடுத்து எழும்பி நின்றார். அண்ணாவுக்காக எழும்பவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் சின்னவன் வெட்கப்படக்கூடாது என்று எழும்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டுப் போட்டுக் குதித்தார்கள். யாரோ ஒருவன் கிண்ணத்தைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தான். கைப்பையை ஒரு பக்கம் தள்ளி அதற்கு இடம் கொடுத்தார். தம்பி பின்படியில் தனியாக நின்றுகொண்டு வந்தான்.

பொழுது பட வீட்டுக்கு வந்தோம். அம்மா சேலையை மாற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். சோறும் சொதியும், பொரித்த மீனும். தம்பி நிலத்தில் காலை நீட்டி இருந்தான், முழங்கால் வீங்கியிருந்தது. நான் சுவரோடு இருந்தேன். அம்மா நீலக் கரைக் கோப்பையை எடுத்தார். முதல் அகப்பை அதற்குள் விழுந்தது. தம்பி மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நானும் விட்டேன். அப்பாடா, ஒன்றும் மாறவில்லை.

அம்மா மூடவில்லை. சொதி விட்டு, மீனை வைத்து, கோப்பையை நகர்த்தித் தம்பியின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு ராசா. களைச்சுப்போனாய்."

ராசா என்று அம்மா அவனை அதற்கு முன் கூப்பிட்டதில்லை.

"அம்மா, இது அண்ணான்ர கோப்பை."

"இனி ஆருக்கு? நீதானே சொல்லிப்போட்டாய்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து அம்மாவிடம் நீட்டினான். சொதி சிந்தியது.

"மூடி வையுங்கோ அம்மா. அண்ணா வருவார். நான் சொல்லுறன், கட்டாயம் வருவார். எழுதி வையுங்கோ."

அம்மா அவன் கையைப் பிடித்துக் கோப்பையைத் திரும்ப நிலத்தில் வைத்தார்.

"காணும் தம்பி. நீ சொன்னது நடந்துபோச்சு. இனி ஒண்டும் சொல்லாதை, சாப்பிடு."

அவன் சோற்றில் கை வைத்தான். அம்மா அவனுக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்து, அவன் சாப்பிட்டு முடியுமட்டும் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.